வேகாத பருப்பு

1983 மே மாதம். ஒச்சாயியைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி சிவனாண்டிக்குப் பட்டறையில் வைத்துக் கிடைத்தது. ஆரப்பாளையத்தில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை அது. சிவனாண்டி அங்கே பன்னிரண்டு வருஷமாக வெல்டர். செய்தி கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டு மொக்கையன்.

"மாப்ள, மறியல்ல உக்காந்த பொம்பளைக அம்புட்டுப் பேரையும் தூக்கிட்டாய்ங்க. ஒன் வீட்டுக்காரியும் என் வீட்டுக்காரியும் ஒரே வண்டியில போறாளுக."

சிவனாண்டிக்கு முதலில் வந்தது கவலை இல்லை, கோபம். கண்ணிலிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றித் தரையில் எறிந்தான். "போகாதன்னு காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எவன் சொல்லி இவ போனா?"

யாரும் சொல்லிப் போகவில்லை. தேனி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கருவேலங்காட்டுக் காலனியில் நூற்றிருபது வீடுகள். இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. வைகையில் மணல்தான் கிடந்தது. காலனிக்கென்று இருந்தது இரண்டு அடிபம்பு. இரண்டிலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் குழாய், அரை மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர் ஆபீசோடு நின்றுவிட்டது. காலனிப் பெண்கள் அந்த ஆபீசுக்கு ஐந்து தடவை மனு எழுதிக்கொண்டு போனார்கள். பம்புத் தண்ணீர் உபயோகத்துக்கு ஏற்றது என்று பைலில் இருப்பதாகச் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது தடவை மனுவுக்குப் பதில் காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் பஸ் ஓடவில்லை. பதினோரு பெண்களைக் கைது செய்து பதினைந்து நாள் காவலில் வைத்தார்கள்.

சிவனாண்டி வீட்டுக்கு வந்தபோது எட்டு வயது மகள் அழகம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. அவனுக்குத் தெரிந்து அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு அடுப்பு அணைந்திருந்ததே இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டோரக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். காலனியின் மற்ற ஆண்களும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோரும் சால்னாவைப் பிசைந்துகொண்டே பெண்களைத் திட்டினார்கள். சிவனாண்டி எல்லோரையும் விட உரக்கத் திட்டினான்.

மூன்றாம் நாள் அழகம்மாளுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கடைத் தீனி கண்ணுல காட்டக் கூடாது. வீட்டுல கஞ்சி வச்சுக் குடுங்க" என்றார். சிவனாண்டி தலையை ஆட்டிவிட்டு வந்தான். கஞ்சி எப்படி வைப்பது என்று டாக்டரிடம் கேட்க முடியவில்லை.

மொக்கையன் தன் பிள்ளைகளை மேலூரில் இருந்த தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். சிவனாண்டியின் அண்ணன் பேயாண்டியும் சொல்லி அனுப்பினார், பிள்ளையைக் கொண்டுவந்து விடு என்று. அதோடு நிறுத்தியிருந்தால் அவன் விட்டிருப்பான். "பொண்டாட்டிய ரோட்டுல உக்கார விட்ட பயலுக்கு வேற என்ன செய்யத் தெரியும்" என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார். சிவனாண்டி அரிசிப் பானையைத் திறந்தான்.

மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி போடுவாள் என்று அவனுக்குத் தெரியாது. சோற்றுப் பானையைப் பார்த்தான். முக்கால் பானைச் சோறு வேண்டும் என்றால் முக்கால் பானை அரிசி என்று கணக்குப் போட்டான். தண்ணீரை ஊற்றி மூடி, அடுப்பில் விறகைத் திணித்துப் பற்றவைத்தான். கொஞ்ச நேரத்தில் மூடி எழும்பியது. அரிசி விரிந்து பானையின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் கொட்டியது. பதறிப்போய் இன்னொரு பாத்திரத்தில் பாதியை அள்ளினான். அதுவும் நிரம்பியது. ஒரு குண்டானை எடுத்தான். கடைசியில் மூன்று பாத்திரத்திலும் மேலே விறைத்த அரிசி, நடுவில் கூழ், அடியில் கரி. கஞ்சி வடிக்கப்போய் மணிக்கட்டில் கொதிநீர் பட்டுவிட்டது. பட்டறையில் தீப்பொறி தெறித்து எத்தனையோ தடவை சுட்டிருக்கிறது. அப்போதெல்லாம் வராத ஆத்திரம் இப்போது வந்தது. பானையை எட்டி உதைத்தான். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அழகம்மாள் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அரிசியக் களையவே இல்லையேப்பா" என்றாள்.

"வாய மூடிக்கிட்டுப் படு."

பிறகு அவனே உட்கார்ந்து சிந்திய சோற்றைக் கையால் அள்ளினான். நடுவில் இருந்த கூழில் உப்பைப் போட்டுக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தான். அவள் அதைக் குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை மனுப் போட்டு ஜெயிலில் ஒச்சாயியைப் பார்த்தான். இனி மறியல் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஜாமீனில் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒச்சாயி நின்றாள். கீழக்குயில்குடியில் பிறந்தவள். சின்ன உருவம், அழுத்தமான குரல்.

"புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"வயித்தால போயி இப்பத்தான் நின்னுருக்கு. நீ இங்க சொகுசா உக்காந்துரு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வா."

"பதினோரு பேருல எவளும் போடல. நான் மட்டும் போட்டுட்டு வரவா?"

"அப்பச் சோறு?"

அவன் கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி எப்படி இருந்தது என்று அவனுக்கே உறைத்தது. ஒச்சாயி வலையில் முகத்தை ஒட்டி வைத்தாள்.

"சோறுன்னுதான் கேப்பீகன்னு எனக்குத் தெரியும். ஏன் ஒக்காந்தீகன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? நீங்க பொங்குங்க. கை இருக்குல்ல?"

"எனக்குத் தெரியாதுடி!"

"நான் மட்டும் வயித்துக்குள்ள இருந்தே படிச்சுக்கிட்டு வந்தேனா?" என்றாள். கொஞ்சம் தணிந்து, "அரிசிய அள்ளிக் கொட்ட வேணாம். சின்ன உழக்குல மூணு. களைஞ்சு, உல கொதிச்சப்பறம் போடுங்க. அரிசியக் கையில நசுக்கிப் பாத்து வடிங்க" என்றாள். நேரம் முடிந்துவிட்டதென்று வார்டர் மணியடித்தார்.

வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் சைக்கிளை மிதித்தான். ஆனால் அன்று சாயங்காலம் சின்ன உழக்கை எடுத்து மூன்று தடவை அளந்தான். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அழகம்மாள் அதில் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். மறுநாள் குழையவும் இல்லை.

அந்தத் தெம்பில்தான் பருப்பில் கையை வைத்தான்.

குடிக்க மட்டும் பட்டறையிலிருந்து கேனில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தான். துவரம் பருப்பைக் கழுவிப் பானையில் போட்டு, வாசலில் வாளியில் இருந்த அடிபம்புத் தண்ணீரை ஊற்றி வேகவைத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. பருப்பு பானைக்குள் கூழாங்கல் மாதிரி உருண்டுகொண்டிருந்தது. இன்னும் விறகு வைத்தான். இரண்டு மணி நேரம். கரண்டியால் அழுத்தினான். வழுக்கிக்கொண்டு ஓடியது. மொக்கையனிடம் கேட்டான். "ஆப்பச் சோடா போட்டா வெந்துரும்னு என் ஆத்தா சொல்லும்" என்றான் அவன். ஒரு கைப்பிடி போட்டான். பானை நுரைத்துப் பொங்கியது. பருப்பு மேலே மஞ்சள் கூழாகி, உள்ளே அப்படியே இருந்தது. வாயில் வைத்தால் துணி சோப்பு.

"கடைக்காரப் பய பழைய பருப்பக் குடுத்து ஏமாத்திட்டான்" என்று பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டான். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தத் தண்ணியில வேக வச்ச?" என்றார்.

"தண்ணின்னா தண்ணிதான். பம்புத் தண்ணி."

"அந்தத் தண்ணியில பருப்பு எந்தக் காலத்துலய்யா வெந்துச்சு?"

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டான். "அம்மா எந்தத் தண்ணியில பருப்பு வைப்பா?"

"தோட்டத்துக் கிணத்துத் தண்ணி. விடியறதுக்கு முன்னாடி போயி ரெண்டு கொடம் எடுத்துட்டு வருவாக. ஒண்ணு குடிக்க, ஒண்ணு பருப்புக்கும் ஒலைக்கும்."

"எந்தத் தோட்டம்?"

"கண்ணுச்சாமி தாத்தா தோட்டம். கண்மாயத் தாண்டி."

கண்மாயைத் தாண்டி என்றால் ஒன்றரை மைல். சிவனாண்டி ஏழு மணிக்கு எழுந்திருப்பான். எழும்போது காப்பி இருக்கும். குடத்தில் தண்ணீர் இருக்கும். அது அங்கே எப்படி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "நீ ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்று பிள்ளையிடம் கத்தினான்.

"நீங்க கேக்கலையேப்பா."

மறுநாள் விடியுமுன் இரண்டு குடங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். தோட்டத்துப் படலில் பூட்டுத் தொங்கியது. கண்ணுச்சாமி உள்ளிருந்தே பேசினார். அறுபது வயதுக்காரர், கத்திரி, வெங்காயம் போடுகிறவர். மறியல் நாளில் அவருடைய வெங்காய லாரி ரோட்டில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறது.

"ஒங்க பொம்பளைகளுக்கு ரெண்டு வருசமாத் தண்ணி குடுத்தேன்டா. எனக்கு என்ன செஞ்சாளுக? இனி சொட்டுத் தண்ணி கிடையாது. போ, எவன எதுத்து மறியல் பண்ணாளுகளோ அவங்கிட்டப் போயிக் கேளு."

சிவனாண்டிக்குப் படலைப் பிய்த்து எறிந்துவிடலாம் போல இருந்தது. கையை வைத்தும் விட்டான். ஆனால் அந்த ஆள் சொன்னதில் ஒன்று சரியாக இருந்தது: தண்ணீர் ஆபீசில்தான் போய்க் கேட்க வேண்டும். காலிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட, சைக்கிளைத் திருப்பினான். வீட்டுக்குப் போகாமல் மொக்கையன் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

"ஒன்கிட்ட பம்ப் ஸ்டவ் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு மாப்ள?"

"அதோட இன்னொண்ணு எரவல் வாங்கி எடுத்துக்கிட்டு வா. சொல்றேன்."

பத்தரை மணிக்குத் தண்ணீர் ஆபீஸ் வராண்டாவில் இரண்டு ஸ்டவ்கள் இருந்தன. இரண்டு பாத்திரங்கள், இரண்டிலும் ஒரே உழக்கு துவரம் பருப்பு. ஒன்றில் காலனி அடிபம்புத் தண்ணீர். இன்னொன்றில், அந்த ஆபீஸ் முற்றத்துக் குழாயிலேயே பிடித்த தண்ணீர். சிவனாண்டி ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பற்றவைத்தான். நெருப்பைக் கூட்டிக் குறைக்கிற வேலை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என்ஜினியர் அறையிலிருந்து ஓடிவந்தார். "யார்யா நீ? இது ஆபீஸா, அடுப்படியா?"

"கருவேலங்காட்டுக் காலனி சார். எங்க பம்புத் தண்ணி உபயோகத்துக்கு ஏத்ததுன்னு ஒங்க பைல்ல எழுதியிருக்கீகளாம். அதான், ஒங்க கண்ணு முன்னால பருப்பு வேக வச்சுப் பாப்பம்னு வந்தேன். ரெண்டுல எது வேகுதுன்னு பாத்துட்டு எந்திரிச்சுப் போயிர்றேன்."

"போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. என் பொண்டாட்டி ஏற்கெனவே உள்ளதான் இருக்கா. நானும் போறேன். பருப்பு வெந்ததும் போறேன்."

வாட்ச்மேன் ஸ்டவ்வை அணைக்க வந்தான். மொக்கையன் குறுக்கே நின்றான். மனுக் கொடுக்க வந்து வரிசையில் நின்றிருந்தவர்கள் வராண்டாவைச் சுற்றி வந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் வந்தார்கள். விஷயம் காலனிக்குப் போய், வீட்டில் மிச்சமிருந்த பெண்களும் ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். ஐம்பது அறுபது பேர் நின்று இரண்டு பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டையா ஒருவர் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிங்கய்யா" என்று சொல்லித் தூணோரம் நிழலில் நின்றுகொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் குழாய்த் தண்ணீரில் கிடந்த பருப்பு மலர்ந்து கரைந்தது. சிவனாண்டி கரண்டியால் ஒரு கடை கடைந்தான். மசிந்துவிட்டது. அந்த ஸ்டவ்வை அணைத்தான். மற்றது கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று. தண்ணீர் வற்ற வற்ற பம்புத் தண்ணீரையே ஊற்றினான். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டையும் தட்டில் அள்ளி என்ஜினியர் மேசை மேல் வைத்தான்.

என்ஜினியர் தொடவில்லை. "பருப்பு ரகம் அப்படி இருக்கும்" என்றார்.

உள்ளேயிருந்து டைப்பிஸ்ட் பாண்டியம்மாள் எழுந்து வந்தார். இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். "ஒரே பருப்புதான் சார். இது தண்ணிக் கோளாறு" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார். பொம்பளைக்கு இதில் என்ன பேச்சு என்பதுபோல் என்ஜினியர் அவரைப் பார்த்த பார்வையைச் சிவனாண்டி கவனித்தான்.

"ஒங்க வீட்டுல இந்தத் தண்ணியில ஒரு நாள் சமைக்கச் சொல்லுங்க சார்" என்றான். "ஒரே ஒரு நாள். எம் பொண்டாட்டி ரெண்டு வருசமா ஒண்ணரை மைல் நடந்து நல்ல தண்ணி எடுத்து வந்து எனக்குச் சோறு போட்டுருக்கா. அது எனக்கே தெரியாது. நான் மடையன். ஒங்களுக்குத் தெரியும். மனு எழுதிக் குடுத்துருக்காளுக. தெரிஞ்சும் உக்காந்துருக்கீகளே!"

வெளியே கூட்டம் கலைவதாக இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் காலனிக்கு லாரியில் நல்ல தண்ணீர் அனுப்பப்படும் என்று என்ஜினியர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சிவனாண்டி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். காலனிக்காரர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பதினாறாவது நாள் ஒச்சாயி வந்தாள். அதற்குள் லாரி இரண்டு தடவை வந்துபோயிருந்தது. சிவனாண்டி பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, சோறு வடித்து, கத்திரிக்காய் போட்டுச் சாம்பார் வைத்திருந்தான். காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அழகம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஆபீசில் நடந்ததை எல்லாம் மொக்கையன் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

ஒச்சாயி கேட்டு முடித்துவிட்டுக் காகிதத்தை மகளிடமிருந்து வாங்கி மடித்தாள். சிவனாண்டி அவள் முகத்தையே பார்த்தான். அவள் அழுவாள் அல்லது சிரிப்பாள் என்று நினைத்தான்.

"அஞ்சு மனு" என்றாள். "அஞ்சு தடவ அந்த ஆபீஸ் வாசல்ல நின்னோம். உள்ள விடல. பதினோரு பேரு பதினஞ்சு நாள் கம்பிக்குள்ள கெடந்தோம். அதுக்கெல்லாம் லாரி வரல. ஒரு ஆம்பள போயி ஒரு நேரம் பருப்பு வேக வச்சான். லாரி வந்துருச்சு."

"நான் என்ன தப்பாவா செஞ்சேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? எனக்கு வயிறு எரியுது, அம்புட்டுத்தான்."

அவனுக்குக் கோபம் வந்தது. இத்தனையும் செய்தும் ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று வந்த கோபம். பேச வாயைத் திறந்தவன், அந்த ஆபீஸில் டைப்பிஸ்டை என்ஜினியர் பார்த்த பார்வை நினைவுக்கு வந்து, எழுந்து அடுப்படிக்குப் போனான். தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துச் சோறு போட்டான்.

அவள் ஒரு வாய் வைத்தாள். "புளி சாஸ்தி."

"பிடிக்கலைன்னா திங்காத!"

"திங்க மாட்டேன்னு சொன்னேனா? புளி சாஸ்தின்னுதான் சொன்னேன்."

அதற்கு மேல் இருவரும் போட்ட சண்டை நாலு வீடு தள்ளிக் கேட்டது. ஜெயில், அண்ணன் பேயாண்டி, வெங்காய லாரி, இத்தனை வருஷத்துக் காப்பி எல்லாம் அதில் வந்தன. சண்டைக்கு நடுவிலேயே அவள் இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

வழக்கு அதோடு முடியவில்லை. பஸ்ஸை மறித்ததாகப் பதினோரு பேர் மீதும் கேஸ் நடந்தது. மாதத்துக்கு ஒரு வாய்தா. பெண்கள் காலையில் கோர்ட்டுக்குப் போனால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். ஒவ்வொரு வாய்தாவும் சிவனாண்டிக்கு அடுப்படி நாள். ஜட்ஜையும் வக்கீலையும் திட்டிக்கொண்டே அவன் ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டான். ஒரு வாய்தாவில் ரசம். அடுத்ததில் அம்மியில் மசாலா அரைக்கப் பழகினான், முழங்கை இரண்டு நாள் வலித்தது. கருவாட்டுக் குழம்பு வரப் பல வாய்தா ஆயிற்று. முதல் தடவை கருவாட்டை ஊறவைத்துக் கழுவாமல் போட்டுவிட்டான். அழகம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மொக்கையன் வாசலில் நின்று கேலி செய்தபோது, கரண்டியோடு அவனை விரட்டினான். பிறகு மொக்கையனே வந்து, ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று கேட்டுப் போனான்.

1985 கடைசியில் கேஸைத் தள்ளுபடி செய்தார்கள். கோர்ட்டிலிருந்து ஒச்சாயி நேராக வீட்டுக்கு வராமல், மற்றப் பெண்களோடு ரோட்டோரத்தில் டீ குடித்துவிட்டு மெதுவாக வந்தாள்.

"முடிஞ்சுருச்சு. இனி வாய்தா இல்ல" என்றாள்.

"அப்பாடா. இனி அடுப்படிப் பக்கம் எனக்கு வேல இல்ல."

"யாரு சொன்னா? கோர்ட்டுதான் கேஸ முடிச்சுச்சு. நான் எதையும் முடிக்கல. மாசத்துக்கு ஒரு நாள்ங்கிறது இனிமே வாரத்துக்கு ஒரு நாள். ஞாயித்துக்கிழமை நீங்கதான்."

சிவனாண்டி குதித்தான். பட்டறையில் ஆறு நாள் முதுகு ஒடிகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையா என்று கேட்டான். ஏழு நாள் முதுகு ஒடிகிறவளுக்கு எந்தக் கிழமை என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதைக் கேட்டு வந்த கோபத்தில் அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல், பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனான்.